எட்டு வருடக் கணக்கு

மூன்றாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுப் பொறியியல் துறை



மலர்க் குழு நண்பர்கள் வந்து, "நீயும் ஏதாவது எழுதிக் குடுடா" என்று கேட்டபோது ஒரு கவிதை எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சென்ற ஆண்டு மலரைப் புரட்டினேன். பதினொரு கவிதைகள் இருந்தன. ஏழு நிலாவைப் பற்றி, நான்கு நட்பைப் பற்றி. இனி நிலாவைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதனால் நம்மில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயத்தை எழுதுகிறேன். எம்.இ. படிப்பதைப் பற்றி.

சிரிக்காதீர்கள்! போன மாதம் ஒரு கம்பெனி இன்டர்வியூவில் அந்த அதிகாரியும் இப்படித்தான் சிரித்தார். "அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பே?" என்று கேட்டார். "உங்க கம்பெனியிலேயே சூப்பர்வைசரா இருப்பேன் சார்" என்பதுதான் எல்லோரும் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பதில். எனக்கும் அது தெரியும். ஆனால் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன். "பவர் சிஸ்டம்ஸ்ல எம்.இ. படிக்கணும் சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "தம்பி, அதெல்லாம் பி.இ. படிச்சவங்க யோசிக்கிற விஷயம். நீ டிப்ளமோ" என்றார். திட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் கூட அவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கேள்வி. அப்பா விசைத்தறியில் கூலிக்குத் தறி ஓட்டுகிறார். அம்மா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போகிறார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா என்னை எதற்கும் தடுத்ததில்லை. ஒன்று மட்டும் கேட்பார். "ஏங்கண்ணு, இன்னும் எத்தன வருசம்டா படிப்பே?"

அதிகாரியின் சிரிப்புக்கும் அப்பாவின் கேள்விக்கும் பதில் தேடிப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் கணக்கு

பிளஸ் டூ வழியாகப் போகிறவனை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதுக்குப் பிறகு பள்ளியில் 2 வருடம், பி.இ. 4 வருடம், எம்.இ. 2 வருடம். மொத்தம் 8.

இப்போது நம்மை எடுத்துக்கொள்ளுங்கள். டிப்ளமோ 3 வருடம். லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேர்ந்தால் 3 வருடம். எம்.இ. 2 வருடம். மொத்தம் அதே 8!

நண்பர்களே, இந்தக் கூட்டலை நான் போட்டது மூன்றாம் ஆண்டில்தான். "பாலிடெக்னிக் போனவன் பின்தங்கிட்டான்" என்று சொந்தக்காரர்கள் சொல்லியதை மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கூடப் பின்தங்கவில்லை. அதோடு மூன்றாம் வருட முடிவிலேயே நம் கையில் சோறு போடும் ஒரு சான்றிதழும் இருக்கிறது. அவன் கையில் அது இல்லை.

வழியையும் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ முடித்த கையோடு கேட் தேர்வு எழுத முடியாது, நடுவில் பி.இ. வேண்டும். கவுன்சிலிங் மூலம் பி.இ. சேரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை தமிழ்நாட்டில் 2010 முதல் இருக்கிறது. வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் இருப்பவர்களுக்கு மாலை நேரப் பகுதிநேர பி.இ. இருக்கிறது. முன்பெல்லாம் அண்ணன்மார்கள் ஏ.எம்.ஐ.இ. எழுதச் சொல்வார்கள். அது பி.இ.க்குச் சமம் என்ற அங்கீகாரம் 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்கானது. பழைய யோசனையைக் கேட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள்.

கேட் தேர்வு 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். இப்போது பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். கேட் இல்லாமல் நம் மாநிலத்தில் எம்.இ. சேர முன்பு டான்செட் இருந்தது, 2023 முதல் சீட்டா வந்திருக்கிறது. இன்னொன்று தெரியுமா? கேட் தேறி முழுநேர எம்.டெக். சேர்பவர்களுக்கான மாத உதவித்தொகையை 2014-ல் 12,400 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்த இன்டர்வியூ கம்பெனி எனக்குச் சொன்ன சம்பளம், பிடித்தம் போக 13,500. படிப்பதற்குக் கிட்டத்தட்ட ஒரு டிப்ளமோ சம்பளம் கிடைக்கிறது என்று எங்கள் தெருவில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்!

ரீவைண்டிங் கடையில் கிடைத்த கேள்வி

சரி, வழி இருக்கிறது என்பதற்காகப் போய்விட முடியுமா? எதற்காகப் படிப்பது? இதற்கான பதில் எனக்குக் காலேஜில் கிடைக்கவில்லை, ரீவைண்டிங் கடையில்தான் கிடைத்தது.

இரண்டு வருட லீவிலும் எங்கள் ஊர்க் கடையில் காயில் சுற்றப் போனேன். ஒரு விவசாயி தன் 5 எச்.பி. மோட்டாரை ஒரே கோடையில் மூன்றாவது முறையாகக் கொண்டுவந்தார். கடைக்கார அண்ணன் மூடியைக் கழற்றிக் காட்டினார். இரண்டு பேஸ் காயில்கள் கரிக்கட்டையாகக் கிடந்தன. மூன்றாவது பேஸ் நேற்றுச் சுற்றியது போலப் பளபளவென்று இருந்தது.

"பார்த்தியா? ஸ்டார் கனெக்‌ஷன்ல இப்படி இருந்தா கண்ணை மூடிட்டுச் சொல்லலாம், சிங்கிள் பேசிங். மூணுல ஒரு பியூஸ் போயிருக்கும். ஓடிட்டிருந்த மோட்டாரு நிக்காம ஓடியிருக்கும். மூணு பேரு தூக்குன பாரத்த ரெண்டு பேரு தூக்குனா என்னாகும்?" என்றார்.

எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டார்! ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். "அண்ணா, தூக்குன ரெண்டு பேரு வெந்தது சரிங்க. ரோட்டர் ஏனுங்க இப்படி நீலம் பாரிச்சிருக்கு? அதுல பியூசும் இல்ல, பேசும் இல்லீங்களே?"

அண்ணன் ஒரு நிமிடம் ரோட்டரையே பார்த்தார். அப்புறம், "அது அப்படித்தான் கண்ணு. ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆவாது, நீ காயிலச் சுத்து" என்றார்.

அவர் மேல் எனக்குக் குறை இல்லை. இருபத்தைந்து வருடமாக மோட்டார் கட்டுகிறவர். 'எப்படி' என்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. 'ஏன்' என்று கேட்டபோதுதான் சுவர் வந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

நம் நூலகத்தில் ஸ்டீவன்சன் எழுதிய பவர் சிஸ்டம் புத்தகம் ஒன்று அட்டை கிழிந்து கிடக்கிறது. அதைப் புரட்டும்போது சிமெட்ரிகல் காம்பொனன்ட்ஸ் என்ற அத்தியாயம் கண்ணில் பட்டது. ஃபார்ட்டெஸ்க்யூ என்ற எஞ்சினியர் 1918-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்த விஷயம். சமநிலை கெட்டுப்போன மூன்று பேஸ் கரன்ட்டை, சமநிலையுள்ள மூன்று கூட்டங்களாகப் பிரித்துவிடலாம் என்கிறார். ஒன்று முன்பக்கமாகச் சுற்றுவது. ஒன்று பின்பக்கமாகச் சுற்றுவது. இன்னொன்று சுற்றாமல் மூன்று பேஸிலும் ஒன்றாகவே ஏறி இறங்குவது.

முதல் தடவை படித்தபோது ஒன்றும் புரியவில்லை. பக்கம் முழுக்க 'ஏ', 'ஏ ஸ்கொயர்' என்றே இருந்தது. மூடி வைத்துவிட்டேன். நான்கு நாள் கழித்துத் தறிப் பட்டறையில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்விட்டு உட்கார்ந்திருந்தபோது திடீரென்று உறைத்தது. அட, முதல் வருடக் கணக்கில் ஒன்றின் கன மூலம் என்று ஒமேகாவைப் படித்தோமே, மூன்று முறை பெருக்கினால் திரும்ப ஒன்றுக்கே வருமே! அதே ஆள்தான் இங்கே 'ஏ' என்று பெயர் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அவரால் ஒரு முறை பெருக்கினால் 120 டிகிரி திரும்பும். மூன்று முறை பெருக்கினால் ஒரு சுற்று முடியும். மூன்று பேஸ் என்பதே அதுதானே! எதற்கென்று தெரியாமல் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஒமேகா, எங்கள் ஊர் மோட்டாருக்குள்தான் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் ரோட்டர் விஷயம் தானாகவே அவிழ்ந்தது. ஒரு பேஸ் போனதும் மோட்டாருக்குள் பின்பக்கமாகச் சுற்றும் ஒரு காந்தப்புலமும் பிறந்துவிடுகிறது. ரோட்டர் முன்னால் ஓடுகிறது, அது எதிரே வருகிறது. சப்ளை 50 ஹெர்ட்ஸ் என்றால், ரோட்டருக்கு அந்த எதிர்ப்புலம் ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸாகத் தெரியும். அதனால் ரோட்டர் கம்பிகளில் தேவையில்லாத கரன்ட் ஓடிச் சூடேறுகிறது. நீலம் பாரித்தது அதனால்தான். பியூஸ் போவது வரைக்கும் கூடப் போக வேண்டாம். வோல்டேஜ் சமநிலை கொஞ்சம் கெட்டாலே கரன்ட்டின் சமநிலை பல மடங்கு கெடும். அப்படியானால் அந்த விவசாயிக்கு வேண்டியது நான்காவது ரீவைண்டிங் அல்ல, ஒரு பேஸ் போனதும் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்டர்.

மேற்படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். டிப்ளமோ நமக்கு 'எப்படி' என்பதைத் தருகிறது. பி.இ.யில் 'ஏன்' தொடங்குகிறது. எம்.இ.யில் அந்த 'ஏன்' ஒரு மோட்டாரோடு நிற்காமல் ஒரு நாட்டின் கிரிட் வரைக்கும் போகிறது.

ஒரு ரிலே, கோடிக்கணக்கான வீடுகள்

கிரிட் என்றதும் எங்கேயோ இருக்கும் விஷயம் என்று நினைக்காதீர்கள். 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் வட இந்தியா இருண்டது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்று கிரிட்டும் விழுந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பகுதி அது. தொடக்கம் எங்கே தெரியுமா? மத்தியப் பிரதேசத்தில் பீனா-குவாலியர் 400 கே.வி. லைனில். லைனில் பழுது எதுவும் இல்லை. லோடு அளவுக்கு மீறியதை டிஸ்டன்ஸ் ரிலே பழுது என்று எண்ணி லைனைப் பிரித்துவிட்டது. நாமும் லேபில் ரிலே செட்டிங் செய்கிறோமே, அதே குடும்பத்து ரிலேதான்!

அப்போது தென்னிந்தியா அந்தக் கிரிட்டோடு சேரவில்லை, தப்பித்தோம். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கே.வி. லைன் வழியாகச் சேர்ந்துவிட்டோம். இப்போது நாடு முழுக்க ஒரே கிரிட். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. காற்று நினைத்தால் வீசும், நினைத்தால் நிற்கும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு 800 கே.வி. டி.சி. லைன் வந்திருக்கிறது, 6,000 மெகாவாட் கொண்டுவரக் கூடியது. அந்த ஸ்டேஷனில் நம்மில் பலருக்கு டெக்னீஷியன் வேலை கிடைக்கலாம். நல்ல வேலைதான். ஆனால் அந்த ஏ.சி.யும் டி.சி.யும் காற்றும் ஒன்றுக்கொன்று எப்படி ஒத்துப்போகும் என்று கணக்குப் போடும் மேஜையிலும் நம்மில் ஒருவன் உட்கார வேண்டாமா? கரிந்த காயிலை மூக்கால் முகர்ந்தே என்ன பழுது என்று சொல்லத் தெரிந்தவன் அந்த மேஜைக்குத் தேவைப்படமாட்டானா?

எதிர்க்கட்சி வாதங்கள்

"எம்.இ. முடிச்சவனே வேலையில்லாம சுத்துறான்" என்பார்கள். உண்மைதான், மறைக்கவில்லை. வேலை கிடைக்காததால் எம்.இ., எம்.இ. இருப்பதால் லெக்சரர் வேலை என்று போனவர்கள் ஏராளம். பி.இ.யில் நம் துறைக்கு ஆள் குறைந்த கல்லூரிகளில் அந்த வேலையும் குறைந்தது. காத்திருக்கும் அறையாக நினைத்து எம்.இ.க்குப் போகாதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன். கையில் ஒரு 'ஏன்' இல்லாதவனுக்கு அந்த இரண்டு வருடம் வீண்.

"ஜி.டி.நாயுடு எம்.டெக். படிச்சாரா?" என்பது அடுத்தது. படிக்கவில்லைதான். பள்ளிக்கூடத்திலேயே அதிகம் உட்காராதவர். ஆனால் அந்த மனிதர்தான் 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தார். படிப்பு தேவையில்லை என்று நினைத்தவர் கல்லூரி கட்டுவாரா? இங்கிலாந்தில் ஹெவிசைடு என்றொருவர் பதினாறு வயதில் பள்ளியை விட்டுத் தந்தி ஆபரேட்டர் ஆனார். இம்பீடன்ஸ் என்ற சொல்லை 1886-ல் தந்தவர் அவர்தான். அவரும் காலேஜ் போகவில்லை. ஆனால் மேக்ஸ்வெல்லின் புத்தகத்தோடு வருடக்கணக்கில் ஒற்றையாய் மல்லுக்கட்டினார். அந்த மல்லுக்கட்டையே, சந்தேகம் கேட்க ஆள் இருக்கும் இடத்தில் இரண்டு வருடத்தில் செய்வதுதான் எம்.இ. என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

மூன்றாவது வாதம் வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. என் வகுப்பில் சர்க்யூட் தியரியில் எப்போதும் முதலிடம் ஒரு தோழிக்குத்தான். அவள் வீட்டில் இப்போதே மாப்பிள்ளை பார்க்கிறார்கள். "பொம்பளப் புள்ளைக்கு இது போதும்" என்பது அவர்கள் வாதம். போதுமா என்று அவளைத்தானே கேட்க வேண்டும்?

நான்காவது வாதம் நமக்குள்ளேயே இருக்கிறது. "கணக்கு வராதுடா, இங்கிலீஷ் வராதுடா." எட்டாத பழம் புளிக்கும் என்ற கதைதான். ஆனால் இதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. லேட்டரலில் போன அண்ணன்களைக் கேட்டுப் பாருங்கள். பி.இ. முதல் வருடக் கணக்கைப் படிக்காமலே மூன்றாம் செமஸ்டரில் ஃபூரியர் தொடரில் போய் விழுகிறோம். முதல் அடி அங்கேதான். கேட் தேர்விலும் கணக்குக்கு மட்டும் தனியே 13 மதிப்பெண். நமக்குப் புத்தி குறைவு என்பதில்லை. நடுவில் இரண்டு படி இல்லாத ஏணியில் ஏறச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

சங்கத்துக்கு என் கோரிக்கை

அந்த இரண்டு படியையும் நாமே போட்டுக்கொள்ளலாம். நம் மாணவர் சங்கம் ஆண்டு விழாவுக்கு ஆர்கெஸ்ட்ரா வைக்கிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் முன்வரிசையில் ஆடியவன்தான். அதோடு இதையும் செய்யட்டும்.

ஒன்று, இறுதியாண்டுக்குச் சனிக்கிழமைகளில் கணக்கு வகுப்பு. மேட்ரிக்ஸ், டிஃபரன்ஷியல் ஈக்வேஷன், லாப்லாஸ். ஆசிரியர்களில் கேட்டால் மாட்டேன் என்று சொல்லாதவர்கள் இருக்கிறார்கள், நாம்தான் கேட்டதில்லை.

இரண்டு, லேட்டரல் என்ட்ரி, பகுதிநேர பி.இ., கேட் தேதிகளை நோட்டீஸ் போர்டில் ஒட்ட ஒரு மூலை. கடைசித் தேதி முடிந்த பிறகு தெரிந்துகொள்ளும் வழக்கம் நம்மோடு போகட்டும்.

மூன்று, ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிலையமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களை விடுதியில் கூட்டாகப் பார்ப்பது. இலவசம்தான். தனியாகப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தூக்கம் வரும். நான்கு பேர் உட்கார்ந்து நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இங்கிலீஷும் சேர்ந்து வரும்.

கடைசியாக என் கதை

அந்த இன்டர்வியூவில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஜூன் மாதம் சேரச் சொல்லி ஆர்டர் வந்திருக்கிறது. சேரப் போகிறேன்.

"இவ்வளவு பேசிட்டு வேலைக்குப் போறியேடா?" என்று கேட்பீர்கள். வீட்டில் வட்டிக்கு வாங்கிய கடன் இருக்கிறது. தங்கை பிளஸ் ஒன் போகிறாள். என் 'ஏன்'-களுக்காக அவள் படிப்பை நிறுத்த எனக்கு உரிமை இல்லை. வேலை பார்த்துக்கொண்டே மாலை நேர பி.இ., அப்புறம் கேட். என் கணக்கு எட்டில் முடியாது. பதினொன்றோ பன்னிரண்டோ ஆகும். ஆனால் தள்ளிப்போடுவது வேறு, விட்டுவிடுவது வேறு. எட்டில் முடிக்க முடிந்தவர்கள் தயவுசெய்து எட்டில் முடியுங்கள், என் கூடக் காத்திருக்காதீர்கள்!

ஆர்டர் வந்த அன்று இரவு தறிப் பட்டறையில் ஒரு மோட்டார் கிளம்பாமல் உறுமியது. அப்பா சுவிட்சை அணைத்துவிட்டு, "இது எப்பப் பாரு இப்படித்தான் உறுமுது. ஏன்டா?" என்றார். பியூஸைக் காட்டினேன். முன்னால் சுற்றும் புலம், பின்னால் சுற்றும் புலம், நின்றிருக்கும் மோட்டாரில் இரண்டும் சமமாக இழுப்பதால் எந்தப் பக்கமும் போக முடியாமல் உறுமுகிறது என்று தறி நாடாவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் காட்டினேன். முப்பது வருடமாக அந்தச் சத்தத்தைக் கேட்டவர். முழுவதும் கேட்டார்.

அப்புறம் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. "மொத்தம் எட்டுன்னே இல்ல? மூணு முடிஞ்சுது. மிச்சம் அஞ்சு" என்றார்.

அப்பாவே கணக்குப் போடத் தொடங்கிவிட்டார். நீங்களும் போடுங்கள், தோழர்களே!